போடோமாக்கைத் தாண்டிய வழக்கு

2002 நவம்பர் 7ஆம் தேதி அமெரிக்க மத்திய அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ஜான் ஆஷ்கிராஃப்ட் அறிவித்த ஒரு முடிவு எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. அது தவறு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகவும் முடியவில்லை, சரிதான் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. வாஷிங்டன் வட்டாரத்தை மூன்று வாரம் கதிகலங்க வைத்த ஸ்னைப்பர் கொலைகளில், அதாவது மறைந்திருந்து சுட்ட கொலைகளில், பிடிபட்ட ஜான் ஆலன் முகமது, லீ பாய்ட் மால்வோ இருவரையும் முதலில் யார் விசாரிப்பது என்பதுதான் அன்றைய பிரச்சினை. கொல்லப்பட்ட பத்துப் பேரில் ஆறு பேர் செத்தது மேரிலாந்தில். மூன்று பேர் வர்ஜீனியாவில், ஒருவர் தலைநகருக்குள். ஆட்கள் சிக்கியதும் மேரிலாந்தில்தான், நெடுஞ்சாலை 70ஐ ஒட்டிய ஓய்விடத்தில், காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது. கைதான மறுநாளே மேரிலாந்தின் மான்ட்கமரி கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கொலை வழக்குப் பதிந்தது. ஆனால் ஃபெடரல் காவலில், அதாவது மத்திய அரசின் காவலில், இருந்த இருவரையும் ஆஷ்கிராஃப்ட் போடோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வர்ஜீனியாவிடம் ஒப்படைத்தார். காரணத்தை யாரும் மறைக்கவில்லை. உச்சபட்ச தண்டனைக்கு வழி இருக்க வேண்டும், அதற்கு வர்ஜீனியாவின் சட்டம்தான் தோதானது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

நான் அப்போது மான்ட்கமரி கவுன்ட்டியில் ராக்வில்லில் குடியிருந்தேன். அந்த அக்டோபர் மாதத்தை இங்கே இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெட்ரோல் போடும்போது காருக்கும் பம்புக்கும் நடுவில் குனிந்து நின்றோம். கடைக்குள் போகும்போது நேராக நடக்காமல் வளைந்து வளைந்து நடந்தோம். சில பங்க்குகளில் தெருப் பக்கத்தை மறைத்துத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை வெளியே விளையாட விடவில்லை. வெள்ளை வேன் எதைப் பார்த்தாலும் வயிறு கலங்கும். கடைசியில் அவர்கள் வந்தது நீல நிற ஷெவ்ரலே கப்ரீஸில். டிக்கியில் துளை போட்டு உள்ளே படுத்துக்கொண்டு சுட வசதி செய்திருந்தார்கள். அக்டோபர் 3ஆம் தேதி காலையில் ஆஸ்பென் ஹில்லில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது செத்தவர் இந்தியாவிலிருந்து வந்து டாக்ஸி ஓட்டியவர். அந்தப் பங்க்கில் நானும் பெட்ரோல் போட்டிருக்கிறேன். இதையெல்லாம் சொல்லக் காரணம், கொலையாளிகள் மேல் எனக்குப் பரிவு ஏதோ இருந்து அதனால்தான் இந்த முடிவு உறுத்துகிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஜான் ஆலன் முகமதுவுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை.

வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸில் இருந்த மதுரைக்கார நண்பர் ஒருவர் அந்த வாரம் போனில் கேட்டார். “என்னங்க இது, ஆத்துக்கு அந்தப் பக்கம் வெச்சா ஜெயிலு, இந்தப் பக்கம் கொண்டாந்தா விஷ ஊசியா? அப்ப இந்த நாட்டுக்குச் சட்டம்னு ஒண்ணு எதுக்குங்க?” ஒன்று இல்லை, ஐம்பது இருக்கிறது, ஃபெடரலையும் ராணுவத்தையும் சேர்த்தால் ஐம்பத்திரண்டு என்று ஏதோ புத்திசாலித்தனமாகப் பதில் சொன்னேன். அவர் கேட்டது அதை இல்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மாநிலங்களின் சட்டம் வெவ்வேறாக இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். அந்த வேறுபாட்டை ஒருவர் தன் வசதிக்குப் பயன்படுத்தலாமா என்பதுதான் அவர் கேள்வி.

இரண்டு கரை, இரண்டு சட்டம்

2002இல் இரண்டு மாநிலங்களிலுமே மரண தண்டனை சட்டத்தில் இருந்தது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மேரிலாந்து ஒன்றும் தூக்கே இல்லாத ஊர் இல்லை. மான்ட்கமரி கவுன்ட்டி அரசு வழக்கறிஞர் டக்ளஸ் கான்ஸ்லரே முகமதுவுக்கு மரண தண்டனைதான் கேட்கப்போவதாக அறிவித்தார். ஆனால் சட்டப் புத்தகத்தில் ஒன்று இருப்பதும் அது நடப்பதும் வேறு வேறு. 1976இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை மறுபடி அனுமதித்ததிலிருந்து 2002 வரை மேரிலாந்து நிறைவேற்றியது மூன்றே மூன்று. வர்ஜீனியா எண்பதைத் தாண்டியிருந்தது. அப்போது டெக்ஸாஸுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். போதாக்குறைக்கு, ஸ்னைப்பர் சம்பவங்களுக்குச் சில மாதம் முன்பு, அதே ஆண்டு மே மாதத்தில், மேரிலாந்து ஆளுநர் பாரிஸ் கிளென்டனிங் எல்லா மரண தண்டனைகளையும் நிறுத்தி வைத்திருந்தார். தண்டனை நியாயமாக விதிக்கப்படுகிறதா என்று மேரிலாந்து பல்கலைக்கழகம் ஒரு ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. அது வரட்டும் என்றார். 2003 ஜனவரியில் அது வந்தது. கொல்லப்பட்டவர் வெள்ளையரா கறுப்பினத்தவரா என்பதும், வழக்கு எந்தக் கவுன்ட்டியில் நடக்கிறது என்பதும் முடிவைப் பாதிக்கின்றன என்றது. பால்டிமோர் கவுன்ட்டியில் கொலை செய்தால் ஒரு கதி, பக்கத்தில் பால்டிமோர் நகருக்குள் செய்தால் வேறு கதி.

வர்ஜீனியாவின் வேகத்துக்குக் காரணம் அங்கே ஜூரிகள், அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவினர், ரத்தவெறி பிடித்தவர்கள் என்பதில்லை. நடைமுறைதான் காரணம். தீர்ப்பு வந்து 21 நாட்களுக்குள் கொண்டுவராத புதிய சான்றை, அது நிரபராதி என்று நிரூபிக்கக்கூடியதாகவே இருந்தாலும், விசாரணை நீதிமன்றம் பார்க்காது என்று அந்த மாநிலத்தில் ஒரு விதி இருந்தது. டிஎன்ஏ சான்றுக்கு மட்டும் 2001இல்தான் விலக்குக் கொடுத்தார்கள். மேல்முறையீடுகள் மளமளவென்று தள்ளுபடியாகும். மற்ற மாநிலங்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இழுக்கும் வழக்கு இங்கே ஐந்தாறு ஆண்டில் முடிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. செப்டம்பர் 11க்குப் பிறகு வர்ஜீனியா அவசரமாக ஒரு பயங்கரவாதச் சட்டம் இயற்றியது. மக்களை அச்சுறுத்தும் நோக்கில் நடந்த கொலை என்றால், துப்பாக்கி விசையை அழுத்தியவர் இவர்தான் என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் தளர்கிறது. பத்துக் கொலைகளில் எதை யார் சுட்டார் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாத இந்த வழக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டம்போல அது இருந்தது.

இந்த வேறுபாடுகள் எங்கிருந்து வந்தன என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1972இல், ஜார்ஜியாவிலிருந்து வந்த ஃபர்மன் வழக்கில், உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நாட்டின் மரண தண்டனைச் சட்டங்கள் அத்தனையையும் முடக்கியது. யார் சாகிறார், யார் பிழைக்கிறார் என்பதில் எந்த ஒழுங்கும் இல்லை, மின்னல் தாக்குவதைப்போல இருக்கிறது என்று நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதினார். நான்கு ஆண்டு கழித்து, ஒழுங்காக வழிகாட்டும் சட்டம் எழுதிக்கொண்டால் நடத்திக்கொள்ளலாம் என்று அதே நீதிமன்றம் கதவைத் திறந்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் எழுதிக்கொண்டது. இன்று 27 மாநிலங்களின் சட்டத்தில் மரண தண்டனை இருக்கிறது, 23இல் இல்லை. அந்த 27இலும் கலிஃபோர்னியா, ஆரிகன், பென்சில்வேனியா போன்ற இடங்களில் ஆளுநர்கள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மிச்சிகன் சாதாரணக் கொலைக்கு மரண தண்டனையை ஒழித்தது 1846இல். இந்தியாவில் அப்போது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி.

வயது பதினேழு

வர்ஜீனியாவைத் தேர்ந்தெடுத்ததன் உண்மையான முடிச்சு முகமது இல்லை, லீ பாய்ட் மால்வோ. ஜமைக்காவில் பிறந்த பையன். தாயைப் பிரிந்து, நாற்பது வயது முகமதுவிடம் ஒட்டிக்கொண்டு, அவரை அப்பா என்று அழைத்துக்கொண்டு திரிந்தவன். கைதானபோது வயது 17. மேரிலாந்துச் சட்டப்படி 18 நிரம்பாதவருக்கு மரண தண்டனை கிடையாது. ஃபெடரல் சட்டத்திலும் கிடையாது. வர்ஜீனியாவில் அப்போது 16 வயதுக்கு மேல் என்றால் உண்டு. ஆக, முகமதுவை எங்கே வேண்டுமானாலும் வைத்து மரண தண்டனை கேட்டிருக்கலாம், மேரிலாந்தில் கொஞ்சம் மெதுவாக நடந்திருக்கும், அவ்வளவுதான். மால்வோவுக்கு மட்டும்தான் மாநிலம் மாறினால் சட்டமே மாறும். வாஷிங்டனில் உட்கார்ந்திருந்த ஒரு அலுவலகம், கடை கடையாக விலை விசாரிப்பதுபோல, ஒரு பதினேழு வயதுப் பையனைக் கொல்ல அனுமதிக்கும் சட்டம் எங்கே இருக்கிறது என்று தேடி அங்கே அனுப்பியது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

மாநில உரிமை பேசுகிறவர்கள் இதற்கு ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறார்கள், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. டெக்ஸாஸ் மக்களுக்கு மரண தண்டனை வேண்டும், மிச்சிகன் மக்களுக்கு வேண்டாம். இரண்டு பேரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சட்டசபைகள் அதை எழுதியிருக்கின்றன. இவ்வளவு பெரிய நாட்டில் ஒரே சட்டம் எதற்கு? ஒவ்வொரு ஊரும் தன் மனசாட்சிப்படி முடிவெடுக்கட்டும். சரி. அந்த வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால் ஸ்னைப்பர் வழக்கு எங்கே போயிருக்க வேண்டும்? ஆறு பேரை இழந்தவர்கள் மேரிலாந்து மக்கள். பதினேழு வயதுப் பையனை அரசு கொல்லக் கூடாது என்று சட்டம் எழுதியவர்களும் அவர்கள்தான். அவர்கள் மனசாட்சிக்கு முதலிடம் கொடுக்காமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆளை அனுப்பினார்கள். மாநிலங்கள் வேறுபடுவது அந்தந்த மக்களின் விருப்பம் என்றால், வேறுபாட்டை மேலிருந்து பார்த்துப் பொறுக்கி எடுப்பது அந்த விருப்பத்தையே செல்லாததாக்குவது. வர்ஜீனியாவிலும் மூன்று பேர் செத்திருக்கிறார்களே, அந்த மக்களுக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு, தாராளமாக உண்டு. ஆனால் அன்று யாரும் அந்த மூன்று குடும்பங்களின் உரிமையைக் காரணமாகச் சொல்லவில்லை. தண்டனையைத்தான் சொன்னார்கள்.

அப்புறம் நடந்ததுதான் இதில் யாருமே எதிர்பார்க்காதது. முகமது வழக்கு பிரின்ஸ் வில்லியம் கவுன்ட்டியுடையது. வர்ஜீனியாவிலேயே அதிகம் மரண தண்டனை வாங்கிக்கொடுத்தவர் என்று பெயரெடுத்த பால் ஈபர்ட்தான் அங்கே அரசு வழக்கறிஞர். மால்வோ வழக்கு ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியுடையது. வாஷிங்டன் பக்கத்தில் பயத்தில் வாழ்ந்தவர்களிடமிருந்து நடுநிலையான ஜூரி கிடைக்காது என்று இரண்டு விசாரணைகளையும் மாநிலத்தின் தென்கிழக்கு மூலைக்கு மாற்றினார்கள். முகமதுவுக்கு வர்ஜீனியா பீச், மால்வோவுக்குச் செசபீக். இரண்டும் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் ஊர்கள். 2003 நவம்பர் 24ஆம் தேதி வர்ஜீனியா பீச் ஜூரி முகமதுவுக்கு மரண தண்டனை என்றது. அவர்தான் சுட்டார் என்பதற்கு நேரடிச் சான்று எதுவும் அவர்கள் முன் இல்லை. ஒரு மாதம் கழித்து டிசம்பர் 23ஆம் தேதி செசபீக் ஜூரி மால்வோவுக்கு ஆயுள் தண்டனை என்றது. சுட்டது நான்தான் என்று போலீஸிடம் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்ட குரல் பதிவை அவர்கள் கேட்டிருந்தார்கள். சட்டமும் சான்றும் தண்டனையும் கச்சிதமாக இருக்கிறது என்று தேடி அனுப்பிய மாநிலம், யாரை மனதில் வைத்து அனுப்பினார்களோ அவனையே கொல்ல மறுத்துவிட்டது. கிறிஸ்துமஸ் வாரத்தில் இப்படிப்பட்ட வழக்கை ஜூரி முன் வைக்கக் கூடாது என்று தங்கள் காலத்தில் சொல்வார்கள் என்கிற பொருளில் ஃபேர்ஃபாக்ஸ் அரசு வழக்கறிஞர் ராபர்ட் ஹோரன் பிறகு சலித்துக்கொண்டார். அவர் சொன்னது உண்மையாகவே இருந்தால் எனக்கு இன்னும் கலக்கமாக இருக்கிறது. தேதி பதினைந்து நாள் முன்னால் இருந்திருந்தால்?

2005 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மிசூரியிலிருந்து வந்த ஒரு வழக்கில், 18 வயதுக்கு முன் செய்த குற்றத்துக்கு நாட்டில் எங்கேயும் மரண தண்டனை கூடாது என்று ஐந்துக்கு நான்காகத் தீர்ப்பளித்தது. மால்வோவை இன்னொரு கொலைக்கு மறுபடி நிறுத்தி மரண தண்டனை கேட்கலாம் என்றிருந்த ஈபர்ட்டின் திட்டம் அத்துடன் போயிற்று. 2006இல் முகமதுவை மேரிலாந்து தன் பங்குக்கு விசாரித்தது. ராக்வில் நீதிமன்றத்தில் மால்வோவே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னான். ஆறு கொலைகளுக்கு ஆறு ஆயுள் தண்டனை. 2009 நவம்பர் 10ஆம் தேதி இரவு வர்ஜீனியாவின் கிரீன்ஸ்வில் சிறையில் விஷ ஊசி போட்டு முகமதுவைக் கொன்றார்கள். கருணை மனுவை மறுத்த ஆளுநர் டிம் கெய்ன், மரண தண்டனைக்குத் தனிப்பட்ட முறையில் எதிரானவர், கத்தோலிக்கர். ஆனால் மாநிலச் சட்டத்தை நிறைவேற்றுவேன் என்று சொல்லித்தான் தேர்தலில் ஜெயித்திருந்தார்.

பன்னிரண்டு பேரில் எத்தனை பேர்

இந்த வழக்குக்குப் பிறகு ஒவ்வொரு மாநிலத்தின் சட்டத்தையும் தோண்டிப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. என் மனைவிக்கு இது ஒரு வியாதியாகத் தோன்றுகிறது. எந்த முறையில் கொல்கிறார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. விஷ ஊசி மருந்து கிடைக்காமல் அலபாமா நைட்ரஜனுக்குப் போனது, தென் கரோலினா 2025இல் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லும் முறையைக் கையில் எடுத்தது, இவையெல்லாம் பத்திரிகைக்குத் தலைப்பு. நான் பார்ப்பது ஜூரியை. பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் சொன்னால் ஒருவர் சாக வேண்டும்? இது எல்லா இடத்திலும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று நினைப்போம். இல்லை.

பெரும்பாலான மாநிலங்களில் பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அலபாமாவில் பத்துப் பேர் போதும். ஃபுளோரிடாவில் எட்டுப் பேர். பார்க்லண்ட் பள்ளியில் 17 பேரைச் சுட்டுக் கொன்றவனுக்கு 2022இல் ஜூரி ஒன்பதுக்கு மூன்று என்று பிரிந்ததால் ஆயுள் தண்டனைதான் கிடைத்தது. அந்த ஆத்திரத்தில் அடுத்த ஆண்டே சட்டத்தை மாற்றி எட்டு ஆக்கினார்கள். நாட்டிலேயே இதுதான் மிகக் குறைவு. குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக எண்ணிக்கையைக் குறைக்கும் சட்டம் அடுத்து வரப்போகிற, இந்த வழக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆட்கள் மேல் அல்லவா விழும்? டெக்ஸாஸில் இன்னொரு விசித்திரம். அங்கே ஜூரியில் ஒருவர் பிடிவாதமாக நின்றாலே மரண தண்டனை விழாது, ஆயுள்தான். ஆனால் அந்த விவரத்தை நீதிபதியோ வக்கீல்களோ ஜூரியிடம் சொல்லக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. குற்றவாளிக்குச் சாதகமாகப் பதில் சொல்லப் பத்துப் பேர் வேண்டும் என்றுதான் அவர்களிடம் சொல்வார்கள். தனியாக நிற்கும் அந்த ஒருவர் தன் ஓட்டு வீண் என்று நினைத்து மற்றவர்களோடு சேர்ந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது கென்னத் ஸ்மித் வழக்கு. 1988இல் அலபாமாவில் ஒரு பாதிரியார் தன் மனைவியைக் கொல்லக் கூலிக்கு ஆள் பிடித்தார். அதில் ஒருவர் ஸ்மித். 1996இல் நடந்த மறு விசாரணையில் ஜூரி பதினொன்றுக்கு ஒன்று என்று ஆயுள் தண்டனையைப் பரிந்துரைத்தது. பதினொரு பேர் வேண்டாம் என்றார்கள். நீதிபதி அதை ஒதுக்கிவிட்டு மரண தண்டனை விதித்தார், அலபாமாச் சட்டம் அன்று அதை அனுமதித்தது. அலபாமாவில் நீதிபதிகள் தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டியவர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 2017இல் அந்த அதிகாரத்தை அலபாமாவே ரத்து செய்தது. நாட்டில் கடைசியாக அதை வைத்திருந்த மாநிலம் அதுதான். ஆனால் பழைய தண்டனைகளுக்கு அந்த ரத்து பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். 2022 நவம்பரில் ஸ்மித்துக்கு ஊசி போட நரம்பு கிடைக்காமல் மணிக்கணக்கில் குத்திப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். 2024 ஜனவரி 25ஆம் தேதி முகமூடி மாட்டி நைட்ரஜன் செலுத்திக் கொன்றார்கள். உலகத்தில் அந்த முறையில் முதல் ஆள். அவர் செய்த அதே குற்றத்தை இன்று செய்து, அதே பதினொரு பேர் அதே முடிவைச் சொன்னால், அதே அலபாமாவில் சாக மாட்டார்.

கருணை மனு விஷயம் இன்னும் குழப்பம். டெக்ஸாஸ் ஆளுநர் நினைத்தாலும் கருணை மனுக்களைப் பார்க்கும் வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் தண்டனையைக் குறைக்க முடியாது. தன்னிச்சையாக ஒருமுறை 30 நாள் தள்ளிவைக்கலாம், அவ்வளவே. ஜார்ஜியாவில் ஆளுநருக்கு அந்த அதிகாரமே இல்லை, வாரியம்தான் எல்லாம். இல்லினாயில் ஜார்ஜ் ரையன் பதவியை விட்டுப் போகும்போது 2003 ஜனவரியில் ஒரே கையெழுத்தாக 167 பேரின் தண்டனையைக் குறைத்தார். மாநிலத்தை விட்டுக் கவுன்ட்டிக்கு இறங்கினால் படம் இன்னும் சிதறும். 1976க்குப் பிறகு நடந்த மரண தண்டனைகளில் பாதிக்கு மேல் நாட்டின் கவுன்ட்டிகளில் வெறும் இரண்டு சதவீதத்திலிருந்து வந்தவை. ஹூஸ்டனை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுன்ட்டி ஒன்று மட்டுமே அதே காலத்தில் வர்ஜீனியா மாநிலத்தின் மொத்தக் கணக்கான 113ஐத் தாண்டிவிட்டது. நம்மூர்க்காரர்கள் ஹூஸ்டனில் எவ்வளவு பேர் இருக்கிறோம், இதைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறோமா?

கிரீன்ஸ்வில்லில் ஒரு கையெழுத்து

2021 மார்ச் 24ஆம் தேதி வர்ஜீனியா ஆளுநர் ரால்ஃப் நார்த்தம் அதே கிரீன்ஸ்வில் சிறைக்குப் போய், அங்கேயே வைத்து மரண தண்டனையை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1608இல் ஜேம்ஸ்டவுனில் தொடங்கி 1,300 பேருக்கு மேல் கொன்ற மாநிலம், தெற்கில் முதலாவதாக அதைக் கைவிட்டது. மேரிலாந்து 2013இலேயே ஒழித்துவிட்டது. ஆக இப்போது ஆற்றின் இரண்டு கரையிலும் ஒரே சட்டம். மனம் மாறியதால் மட்டும் வந்த மாற்றம் இல்லை இது. 2000களின் தொடக்கத்தில் வர்ஜீனியா மரண தண்டனை வழக்குகளுக்கென்றே சம்பளம் வாங்கும் தனி வக்கீல் அலுவலகங்களைத் திறந்தது. கற்றுக்குட்டி வக்கீல்களுக்குப் பதில் வேலை தெரிந்தவர்கள் வாதாட ஆரம்பித்ததும் மரண தண்டனைகள் சரிந்துகொண்டே போய், 2011க்குப் பிறகு ஒரு ஜூரிகூட விதிக்கவில்லை. ஏர்ல் வாஷிங்டன் கதையும் எல்லோருக்கும் நினைவிருந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய பண்ணைக் கூலியாள். செய்யாத கொலையை ஒப்புக்கொண்டு, 1985இல் தண்டனைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தப்பி, பல ஆண்டு கழித்து டிஎன்ஏ சோதனையால் மன்னிக்கப்பட்டவர். எந்த வேகத்துக்காக ஆஷ்கிராஃப்ட் வர்ஜீனியாவை விரும்பினாரோ அந்த வேகம் இவரைக் கிட்டத்தட்டக் கொன்றிருந்தது.

ஆனால் கரைகள் ஒன்றானதோடு நண்பரின் கேள்வி தீர்ந்துவிடவில்லை. ஒரே குற்றத்துக்கு இரண்டு மாநிலங்கள் தனித்தனியாகத் தண்டிக்கலாம், அது இரட்டைத் தண்டனை ஆகாது என்பது இந்த நாட்டில் உறுதியான சட்டம். லாரி ஹீத் என்பவர் 1981இல் கர்ப்பிணி மனைவியைக் கொல்ல ஆள் வைத்தார். அலபாமாவில் வீட்டிலிருந்து கடத்திக் கொண்டுபோனார்கள், உடல் ஜார்ஜியாவில் கிடைத்தது. உயிர் தப்பினால் போதும் என்று ஜார்ஜியாவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை வாங்கிக்கொண்டார். அலபாமா அவரைத் தன் பங்குக்கு அழைத்து விசாரித்து மரண தண்டனை கொடுத்தது. 1985இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டாக அதை ஏற்றது, 1992இல் அவரைக் கொன்றார்கள். ஃபெடரல் அரசு இதே கதவு வழியாக எதிர்த் திசையிலும் வருகிறது. மாசசூசெட்ஸில் மரண தண்டனை கிடையாது. ஆனாலும் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்காக 2015இல் ஸோஹர் சார்னயெவுக்குப் பாஸ்டனிலேயே ஃபெடரல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

2024 டிசம்பரில் ஜோ பைடன் ஃபெடரல் மரண தண்டனைக் கைதிகள் 40 பேரில் 37 பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். விட்ட மூவரில் சார்னயெவ் ஒருவர். 2025 ஜனவரி 20ஆம் தேதி, பதவியேற்ற அன்றே டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அந்த 37 பேர் மீதும் மாநிலச் சட்டத்தின் கீழ் மரண தண்டனைக்குரிய வழக்குப் போட முடியுமா என்று அட்டர்னி ஜெனரல் ஆராய வேண்டும் என்று அதில் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேரை மறுபடி இழுக்க முடியும் என்பது அவர்கள் செய்த குற்றம் எவ்வளவு கொடியது என்பதைப் பொறுத்ததில்லை. கொலை நடந்த இடம் மரண தண்டனை உள்ள 27 மாநிலங்களில் ஒன்றா, இல்லாத 23இல் ஒன்றா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.